வாடகைக்கு வந்த வீட்டுக்காரர்: ‘அன்பே வா’வும் ரசிகர்களின் தீர்ப்பும்

மறைமலை நகர் யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அந்த மறைமலையடிகளைத் தனித்தமிழ் இயக்கத்தின் தந்தை என்றே பள்ளிப் பாடங்கள் நமக்கு அறிமுகப்படுத்துகின்றன. வேதாசலம் என்ற தம் பெயரையே 1916இல் தமிழாக்கிக்கொண்டவர் அவர். பல்லாவரத்தில் குடியிருந்து வாழ்நாள் முழுவதும் தமிழுக்கும் சைவத்துக்கும் உழைத்தவர். அதே அடிகள்தான் 1911இல் ‘குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி’ என்ற காதல் நாவலை வெளியிட்டார். அது ரெயினால்ட்ஸ் என்ற ஆங்கில நாவலாசிரியரின் ‘லைலா’வைத் தழுவி எழுதப்பட்டது. காளிதாசரின் சாகுந்தலத்தையும் தமிழாக்கி, அதைப் பற்றித் தனியாக ஓர் ஆராய்ச்சி நூலும் எழுதினார். பிறமொழிச் சொல்லைத் தமிழுக்குள் விட மறுத்தவர், பிறமொழிக் கதையை வரவேற்றார். இதில் முரண்பாடு எதுவும் இல்லை. கதைகள் எப்போதும் நாடுவிட்டு நாடு போய்க்கொண்டே இருப்பவை. போன இடத்துக் கேட்பவர்களின் வாழ்க்கைக்கு ஏற்ப மாறிக்கொண்ட கதை அங்கேயே தங்கிவிடுகிறது, மாறாதது திரும்பிப் போய்விடுகிறது. இந்த உண்மையை நம் சினிமா வரலாற்றில் பொருத்திப் பார்க்க நல்ல எடுத்துக்காட்டு 1966ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு வந்த ‘அன்பே வா’. ஹாலிவுட்டின் ‘கம் செப்டம்பர்’ என்ற காதல் நகைச்சுவைப் படத்தைத் தழுவி ஏ.வி.எம். எடுத்த படம் அது. அந்தத் தழுவலில் எது எது மாறியது என்று வரிசையாகப் பார்த்தால், அக்காலத் தமிழ் ரசிகர்கள் என்ன நினைத்தார்கள், எதை ஏற்றார்கள், எதை ஏற்கவில்லை என்பது துலக்கமாகத் தெரியும் என்பதே என் வாதம்.

ரசிகர்களின் கருத்தைத் தேடிப் போகிறவருக்கு முதலில் எதிர்ப்படுவது ஆவணப் பற்றாக்குறை. விமர்சகர்களின் கருத்து அச்சில் இருக்கிறது. ஆனந்த விகடன், குமுதம், கல்கி ஆகிய இதழ்கள் படங்களுக்கு விமர்சனம் எழுதின. 1942இல் தொடங்கிய ‘பேசும் படம்’ சினிமாவுக்கென்றே நடந்தது. ‘அன்பே வா’ வெளிவந்த அதே 1966இல் ‘பொம்மை’யும் வந்து சேர்ந்தது. ஆனால் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து பார்த்தவர்கள், மகளிர் பகுதியில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தவர்கள், நகரத்தில் ஓடி முடித்துப் பிரதி தேய்ந்து புறநகர்க் கொட்டகைக்கு வந்தபோது பார்த்தவர்கள் ஆகியோர் வீடு திரும்பும் வழியில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. இதழ்களின் கேள்வி-பதில் பகுதியில் அவர்களுடைய குரல் கொஞ்சம் கேட்கிறது. அங்கேயும் எந்தக் கேள்வியை அச்சிடுவது என்று முடிவு செய்தவர் ஆசிரியர்தான். ஆகவே வரலாறு எழுதுகிறவர் மறைமுகச் சான்றுகளைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. வியாபாரம் தெரிந்த ஒரு தயாரிப்பாளர் எந்தக் காட்சியை வைத்தார், எதை வெட்டினார், படம் ஓடியதும் மற்றவர்கள் எதைத் தொடர்ந்தார்கள் என்பவைதான் அந்தச் சான்றுகள். டிக்கெட் வாங்குகிறவரின் மனத்தைத் தவறாகக் கணித்தால் கைப்பணம் போய்விடும் தொழிலில், ஒவ்வொரு மாற்றமும் ரசிகரைப் பற்றிய ஒரு கணிப்பு. படம் ஓடினால் அந்தக் கணிப்பு சரி என்று ஆகிறது.

இந்தக் கணிப்புக்கு ‘அன்பே வா’வுக்கு முன்னாலேயே நீண்ட பழக்கம் உண்டு. சுகுண விலாச சபையை நடத்திய பம்மல் சம்பந்த முதலியார், ஷேக்ஸ்பியரின் காதல் நகைச்சுவை நாடகம் ஒன்றை ‘விரும்பிய விதமே’ என்று தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தார். அவர் எழுதிய ‘சபாபதி’யைத்தான், பின்னாளில் ஏ.வி.எம். நிறுவனத்தைத் தொடங்கிய ஏ.வி. மெய்யப்பன் படமாக்கி 1941 டிசம்பரில் வெளியிட்டார். உலகப் போர் ஆசியாவுக்கும் பரவிய மாதம் அது. அந்த மாதத்தில் மக்கள் கொட்டகையில் உட்கார்ந்து, பரீட்சையில் தேறாத பணக்கார வீட்டுப் பிள்ளையையும் அவனுடைய அசட்டு வேலைக்காரனையும் பார்த்துச் சிரித்தார்கள். 1955இல் விஜயா நிறுவனத்தின் ‘மிஸ்ஸியம்மா’ வந்தது. ஒரு வங்காள நாடகத்தில் வேர்கொண்ட கதை. வேலை கிடைக்காத இரண்டு பட்டதாரிகள், தம்பதியாக வருபவர்களுக்கே ஆசிரியர் வேலை என்ற விளம்பரத்தைப் பார்த்து, கணவன் மனைவி என்று பொய் சொல்லிக் கிராமத்துக்குப் போகிறார்கள். மறு ஆண்டே ஏ.வி.எம்., ஃபிராங்க் காப்ராவின் 1934ஆம் ஆண்டுப் படமான ‘இட் ஹேப்பன்ட் ஒன் நைட்’டைத் தழுவி, ராஜ் கபூர், நர்கிஸ் நடிப்பில் ‘சோரி சோரி’யை இந்தியில் எடுத்தது. ஆக, ஹாலிவுட்டின் காதல் நகைச்சுவையை இந்தியக் குடும்பத்துக்குள் பொருத்தும் வேலையில் அந்த நிறுவனம் 1966இல் புதிதாக இறங்கவில்லை.

இந்தத் தமிழ்ப் படங்களை ஹாலிவுட்டின் மூலங்களோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தொடர்ந்து தென்படுகிறது. அங்கே நகைச்சுவையை ஓட்டுவது காதலர் இருவரின் கர்வம். பிடித்திருக்கிறது என்று ஒப்புக்கொள்ள இருவருக்கும் மனம் வராது. அந்த மறுப்பு உடையும்வரை படம் நடக்கும். இங்கே நகைச்சுவையை ஓட்டுவது பெரும்பாலும் பிழைப்புக்காகவோ திருமணத்துக்காகவோ சொல்லப்பட்ட ஒரு பொய். வேலை வேண்டும், தங்க இடம் வேண்டும், பெண்ணின் அப்பா சம்மதிக்க வேண்டும். இவற்றுக்காக ஒருவர் வேறொருவராக நடிக்கிறார். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணம் செய்துவை என்று பழமொழி சொல்லிப் பழகிய சமூகம் அந்தப் பொய்யை மன்னிக்கத் தயாராகவே கொட்டகைக்குள் வருகிறது. பொய் எப்போது வெளிப்படும் என்ற பதைப்பும், வெளிப்பட்டால் மானம் என்னாகும் என்ற கவலையும், கடைசியில் எல்லோரும் மன்னித்துச் சிரிக்கும் நிம்மதியும்தான் தமிழ் ரசிகர் இவ்வகைப் படத்தில் எதிர்பார்த்தவை. தனி ஆளின் மனத்தைவிடக் குடும்பத்தின் மானம் பெரிதாக இருந்த இடத்தில், நகைச்சுவையும் அங்கிருந்துதான் பிறந்தது.

1964 பிப்ரவரி 27 அன்று வெளிவந்த ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ இதைக் கச்சிதமாகக் காட்டுகிறது. எஸ்டேட் வேலையை இழந்த அசோக், முதலாளியின் மகளை மணக்க வேண்டி, தன் நண்பனையே கோடீஸ்வர அப்பாவாக வேடம் போடவைக்கிறான். ரவிச்சந்திரனும் காஞ்சனாவும் புதுமுகங்கள். கூட்டம் சேர்க்கும் பெரிய நட்சத்திரம் படத்தில் யாரும் இல்லை. ஆனாலும் படம் வெள்ளி விழா கண்டது, தெலுங்குக்கும் இந்திக்கும் போனது. அதில் நாகேஷ் தன் அப்பாவாக வரும் டி.எஸ். பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சியை இன்றும் மக்கள் நடித்துக்காட்டுகிறார்கள். ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் என்று கம்பெனிக்குப் பெயர் வைத்துவிட்ட மகன், படமெடுக்க அப்பாவிடம் பணம் கறக்கப் பார்க்கிறான். காட்சியில் பேயும் இல்லை, காடும் இல்லை. நாகேஷின் வாயிலிருந்து வரும் சத்தங்கள், தணிந்து உயரும் குரல், சுருங்கி விரியும் உடம்பு ஆகியவை ஒரு பக்கம். எதிரே சாய்ந்து உட்கார்ந்திருக்கும் பாலையாவின் முகத்தில் அலட்சியம் கரைந்து ஆர்வமாகி, ஆர்வம் பயமாகி, பயம் உடம்பெல்லாம் பரவுவது மறுபக்கம். சிரிப்பு நாகேஷால் மட்டும் வரவில்லை. கேட்கிறவர் முகத்தில்தான் கதை நடக்கிறது. சித்ராலயா கோபுவும் ஸ்ரீதரும் இந்தக் காட்சியை எந்த வெளிநாட்டு அளவுகோலுக்கும் ஈடுகொடுக்கும்படி எழுதியிருக்கிறார்கள். சரக்கு நன்றாக இருந்தால் நட்சத்திரம் இல்லாமலும் ரசிகர் வருவார் என்பதற்கு இது முதல் தரமான சான்று. பின்னால் ஒரு மறுப்புக்குப் பதில் சொல்லவும் இது தேவைப்படும்.

இனி மூலத்துக்கு வருவோம். ராபர்ட் மல்லிகன் இயக்கிய ‘கம் செப்டம்பர்’ 1961இல் வெளிவந்தது. ராக் ஹட்சனும் ஜீனா லொல்லோபிரிஜிடாவும் முதன்மை ஜோடி. சாண்ட்ரா டீயும் பாபி டேரினும் இளைய ஜோடி. ஓர் அமெரிக்கப் பணக்காரருக்கு இத்தாலியக் கடற்கரையில் ஒரு மாளிகை. ஆண்டுதோறும் செப்டம்பரில் மட்டும் அங்கே வந்து தன் இத்தாலியக் காதலியோடு தங்குவார். ஓராண்டு சொல்லாமல் ஜூலையிலேயே வந்துவிடுகிறார். வந்து பார்த்தால், அவர் இல்லாத மாதங்களில் வீட்டுப் பொறுப்பாளர் அந்த மாளிகையை ஓட்டலாக நடத்திச் சம்பாதித்துக்கொண்டிருப்பது தெரிகிறது. பாபி டேரின் அமைத்த அதன் இசைத் துணுக்குத் தமிழ்நாட்டில் படத்தைவிட நீண்ட ஆயுள் பெற்றது. திரைச்சீலை விலகும்போது நம் ஊர்த் தியேட்டர்கள் பலவற்றில் அதுவே ஒலித்தது. கல்யாண ஊர்வலத்து பேண்டு வாத்தியக்காரர்களும் அதை வாசித்தார்கள். படத்தின் பெயரே தெரியாதவர்களுக்கும் அந்த மெட்டு தெரியும். மெட்டை அப்படியே வாங்கிக்கொண்ட தமிழ்நாடு, கதையை அப்படியே வாங்கிக்கொள்ளவில்லை.

ஏ.சி. திருலோகசந்தர் இயக்கிய ‘அன்பே வா’வில் நாயகன் ஜே.பி. என்கிற பாலு, ஓய்வுக்காகச் சிம்லாவிலுள்ள தன் பங்களாவுக்கு வருகிறார். வீட்டைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்த ராமையா, முதலாளிக்குத் தெரியாமல் அதை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். பாலுவாக எம்.ஜி.ஆர்., ராமையாவாக நாகேஷ், குடிவந்த குடும்பத்தின் பெண் கீதாவாக சரோஜாதேவி, அவருடைய தந்தையாக டி.ஆர். ராமச்சந்திரன். கால் நூற்றாண்டுக்கு முன் ‘சபாபதி’யில் மாப்பிள்ளையாக வந்து சிரிக்கவைத்தவர் இங்கே பெண்ணின் அப்பாவாகி நிற்கிறார், ஒரே தயாரிப்பாளரின் இரண்டு படங்களில் இந்த வகைச் சினிமாவின் ஒரு தலைமுறை கடந்துவிட்டது. மாற்றங்களைப் பாருங்கள். இத்தாலிய ஓட்டல், வாடகை வீடாகிறது. பலகாலமாகச் சேர்ந்து தங்கும் காதலர்கள், ஒருவரையொருவர் அறியாத அந்நியர்களாகிறார்கள். மூலத்தில் சொந்தக்காரர் வந்ததும் தன் வீடு என்று உரிமை கொண்டாடுகிறார். இங்கே சொந்தக்காரர் தான் யார் என்று சொல்லாமல், தன் வீட்டிலேயே தானும் ஒரு குடித்தனக்காரராகத் தங்கி, வாடகை கொடுக்கிறார். தமிழ்ப் படங்களின் பழைய பொய் இங்கேயும் வந்துவிட்டது, ஆனால் தலைகீழாக. முன்பெல்லாம் இல்லாதவர் இருப்பவராக நடித்தார். இப்போது இருப்பவர் இல்லாதவராக நடிக்கிறார்.

நகைச்சுவையின் ஊற்று முழுக்க இந்த வாடகையில்தான் இருக்கிறது.    வீட்டு விதிகளைச் சொல்லிக் கண்டிக்கப்படுகிறவர் அந்த வீட்டின் சொந்தக்காரர். இந்தச் சூழலைச் சென்னையின் தென்புறத்து ரசிகருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் பகுதிகள் வேலை தேடி வந்தவர்களின் குடித்தனங்களால் வளர்ந்தவை. தோல் பதனிடும் தொழிற்சாலையின் பெயராலேயே ஓர் ஊர் உருவான பகுதி இது. பிற்காலத்தில் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் துணை நகரமாக உருவாக்கிய மறைமலை நகரும், பிறகு வந்த கார்த் தொழிற்சாலையும் அதே வரலாற்றின் தொடர்ச்சிதான். இந்த ஜி.எஸ்.டி. சாலை ஊர்களில் அட்வான்ஸ், வாடகை, தண்ணீர் வரும் நேரம், விருந்தாளி வந்தால் வீட்டுக்காரர் முகம் போகும் போக்கு ஆகியவை அன்றாடப் பேச்சு. அப்படி வாழ்கிறவருக்கு, வீட்டுக்காரர் ஒருவர் குடித்தனக்காரராக மாறி அந்த அனுபவம் முழுவதையும் படுவதைப் பார்ப்பதில் தனி மகிழ்ச்சி இருக்கும். அந்த மகிழ்ச்சிக்கு ‘கம் செப்டம்பர்’ படத்தில் இடமே இல்லை. ஏ.வி.எம். கதை இலாகா இத்தாலியை எடுத்துவிட்டு அங்கே வைத்தது இதைத்தான்.

இதற்கு முதல் மறுப்பு, எப்படிச் சொன்னாலும் நகல் நகல்தானே என்பது. கதைக்கு மூலமான படத்தின் பெயரைச் சொல்லி நன்றி கூறும் வழக்கம் அக்காலத் தமிழ் சினிமாவில் பரவலாக இல்லை. அது குறைதான், அதை நியாயப்படுத்த முடியாது. மேலைநாட்டு எழுத்தாளர்களின் உழைப்புக்குரிய பெயரும் பணமும் அவர்களுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் அறம் பற்றிய இந்தக் குறையும் கலை பற்றிய மதிப்பீடும் ஒன்றல்ல. மூலத்தைச் சொல்லாதது பிழை என்று ஒப்புக்கொண்ட பிறகும், மாற்றி அமைத்ததில் சொந்த உழைப்பு எவ்வளவு என்று கேட்கும் கடமை நமக்கு இருக்கிறது. ஒரு கதையின் அச்சாணியையே கழற்றி வேறொன்றைப் பொருத்தி ஓட்டியவர்களை நகலெடுத்தவர்கள் என்ற ஒரே சொல்லால் தள்ளிவிட்டால், வரிக்கு வரி எடுத்தவர்களுக்கும் அவர்களுக்கும் வேறுபாடு இல்லாமல் போய்விடும்.

மாற்றியதில் ஆதாயம் மட்டுமே கிடைத்தது என்றும் சொல்ல மாட்டேன். ‘கம் செப்டம்ப’ரின் கூர்மையான நகைச்சுவை, ஆணின் இரட்டை நீதியைப் பற்றியது. தன் காதலியோடு மணமாகாமல் வாழ்ந்துகொண்டிருக்கும் அதே மனிதர், மாளிகையில் தங்கியிருக்கும் இளம்பெண்களுக்குக் கற்பைப் பற்றி உபதேசம் செய்கிறார். அதைக் கேட்டுவிட்ட காதலி, அப்படியானால் நான் யார் என்று கொதித்தெழுகிறாள். அவளுடைய கோபத்தில்தான் கதை திரும்புகிறது. இருவரும் அந்நியர்களாக மாற்றப்பட்டதும் அந்தக் கேள்வி ‘அன்பே வா’வுக்குள் வரவே வழியில்லாமல் போயிற்று. மாறாக, கீதாவின் துடுக்குத்தனத்தைப் பாலு ஒவ்வொரு சுற்றிலும் முறியடிக்கிறார். கல்லூரி மாணவர்கள் சூழ்ந்து ஆடிப்பாடும் போட்டியில் பெண்ணின் தோல்வியைப் பார்த்துக் கூட்டம் கைதட்டுகிறது. இன்றைய ரசிகைகள் இதை ஏற்காமல் முகம் சுளித்தால், அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 1960களின் பெரும்பான்மை ரசிகர் எதைப் பார்க்க விரும்பவில்லை என்பதற்கும் இதுவே சான்று. மணமாகாமல் சேர்ந்து வாழும் பெண்ணையும், அவள் ஆணைப் பார்த்துக் கேட்கும் கேள்வியையும் தயாரிப்பாளர் வெட்டியதற்குக் காரணம், ரசிகர் ஏற்க மாட்டார் என்ற கணிப்பு. அந்தக் கணிப்பும் பலித்தது. ரசிகரின் தீர்ப்பை மதிப்பது வேறு, அந்தத் தீர்ப்பு எப்போதும் சரியானது என்று கொள்வது வேறு. ஆனாலும் ஒன்றைக் குறிப்பிட வேண்டும்: அடங்காத பெண்ணை அடக்குவதையே முழுக் கதையாகக் கொண்ட ‘அறிவாளி’, ‘பட்டிக்காடா பட்டணமா’ போன்ற படங்களோடு ஒப்பிட்டால், ‘அன்பே வா’வின் சண்டைகள் இருவரும் சேர்ந்து விளையாடும் விளையாட்டுக்கே நெருக்கமானவை.

இரண்டாவது மறுப்பு எளிமையானது: எம்.ஜி.ஆர். நடித்தார், ஆகவே ஓடியது. கதையையோ தழுவலையோ ரசிகர் யார் பார்த்தார்? 1966இல் மட்டும் எம்.ஜி.ஆருக்கு ஒன்பது படங்கள் வெளிவந்தன. நட்சத்திரம் ஒன்றே போதுமானால் ஒன்பதும் ஒரே அளவில் நினைவில் நின்றிருக்க வேண்டும். ‘அன்பே வா’வைப் பேசுகிற அளவுக்குத் ‘தாலி பாக்கிய’த்தை இன்று யாரும் பேசுவதில்லை. மேலும், எம்.ஜி.ஆர். ரசிகர் வழக்கமாக எதிர்பார்க்கும் பல அம்சங்கள் இந்தப் படத்தில் இல்லை. மீட்கப்பட வேண்டிய தாயும் தங்கையும் இல்லை. வழக்கமான வில்லன் நம்பியார் இல்லை. மற்ற படங்களில் வில்லனாக வந்து மிரட்டும் அசோகன் இதில் நண்பராக வருகிறார். ரசிகரை அடியோடு ஏமாற்ற வேண்டாம் என்று ஒரே ஒரு மல்யுத்தக் காட்சி இருக்கிறது; மலைபோன்ற பயில்வான் ‘சிட்டிங் புல்’லை எம்.ஜி.ஆர். தலைக்குமேல் தூக்கும் காட்சி அது. மற்றபடி அவர் யாரையும் காப்பாற்ற வேண்டியதில்லை, யாருக்கும் அறிவுரை சொல்ல வேண்டியதில்லை. ஓய்வெடுக்க வந்த மனிதர் குறும்பு செய்கிறார், ஓடுகிறார், குளிரில் ஆடிப்பாடுகிறார். ஏ.வி.எம்.மின் முதல் வண்ணப்படம் என்பது இந்த மகிழ்ச்சிக்குத் துணை செய்தது. வழக்கமான சேர்மானங்களை இழந்த பிறகும் ரசிகர் ஏற்றார் என்றால், அவருக்குக் கிடைத்த வேறொன்று அந்த இழப்பை ஈடுசெய்திருக்க வேண்டும். நட்சத்திரமே இல்லாத ‘காதலிக்க நேரமில்லை’ வெள்ளி விழா கண்டதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த வகைப் படத்தின் மேலேயே ரசிகருக்கு மதிப்பு இருந்தது என்ற முடிவுக்குத்தான் வர முடியும்.

மூன்றாவது மறுப்பு கனமானது. ‘அன்பே வா’ வெளிவருவதற்கு மூன்று நாள் முன்பு, 1966 ஜனவரி 11 அன்று, பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி தாஷ்கண்டில் மறைந்தார். அதற்கு முந்தைய ஆண்டு இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மாணவர்கள் உயிர்விட்டிருந்தார்கள். அரிசித் தட்டுப்பாடு வீடுதோறும் உணரப்பட்டது. அப்படியொரு காலத்தில் ஒரு கோடீஸ்வரரின் சிம்லா விடுமுறையைக் காட்டுவது மக்களைத் திசைதிருப்பும் வேலை ஆகாதா? எம்.ஜி.ஆரின் திரைப் பிம்பத்தை ஆராய்ந்து 1992இல் நூல் எழுதிய எம்.எஸ்.எஸ். பாண்டியன், அந்தப் பிம்பம் உழைக்கும் மக்களின் ஆசைகளைத் திரையில் தீர்த்துவைத்தே அரசியல் பலமாக மாறியது என்று விரிவாக வாதிட்டார். மீனவனாக, விவசாயியாக, ரிக்‌ஷாக்காரனாக வந்த எம்.ஜி.ஆருக்கு அந்த வாதம் நன்றாகவே பொருந்துகிறது. ‘அன்பே வா’வில் அவர் அந்தப் பக்கம் நிற்கவில்லை, முதலாளிகளின் பக்கம் நிற்கிறார். ஆனால் படம் அவரை அங்கே நிற்க விடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பணக்காரராக அறிமுகமானவர் உடனே பணத்தைத் தொலைத்தவர்போல வாழவேண்டியிருக்கிறது. காசு எண்ணி வாடகை தருகிறார், பேச்சுக் கேட்கிறார், தன் பெயரின் துணையில்லாமல் ஒரு பெண்ணின் அன்பைப் பெறவேண்டியிருக்கிறது. பணக்கார நாயகனை ரசிகர் ஒரு நிபந்தனையின் பேரில் ஏற்றார். கொஞ்ச காலமாவது எங்களைப்போல இருந்து காட்டு என்பதே அந்த நிபந்தனை. துன்பக் காலத்தில் சிரிக்க விரும்பியவர் துன்பத்தை மறந்தவர் ஆகிவிட மாட்டார். ஓராண்டு கழித்து, 1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆர். சுடப்பட்டு மருத்துவமனையில் கிடந்தபோது, அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது தென்புறத்துப் பரங்கிமலைத் தொகுதி. அந்தத் தேர்தலில் அரிசி பெரிய பேச்சாக இருந்தது. ‘அன்பே வா’வுக்குச் சிரித்தவர்களும் அரிசிக்காக வாக்களித்தவர்களும் வேறு வேறு மக்கள் அல்லர். சிரிப்பு அவர்களைத் தூங்கவைத்தது என்று சொல்வதற்கு அந்த முடிவு இடம் தரவில்லை.

தீர்ப்பு உறுதியானதற்கு அடுத்து வந்த படங்களும் சாட்சி. 1967இல் ஸ்ரீதர் சிவாஜி கணேசனை வைத்து ‘ஊட்டி வரை உறவு’ எடுத்தார். மறு ஆண்டு ‘கலாட்டா கல்யாணம்’ வந்தது. அழுகைக்கும் ஆவேசத்துக்கும் பெயர்பெற்ற நடிகரும் ஆள்மாறாட்டக் கதையில் நடிக்கலாம் என்று தொழில் முடிவு செய்துவிட்டது. 1981இல் கே. பாலசந்தர், இந்திப் படமான ‘கோல்மா’லைத் தழுவித் ‘தில்லு முல்லு’ எடுத்தபோது, வேலைக்காகச் சொன்ன பொய்யும் மீசையும் ரஜினிகாந்தின் கோபக்கார இளைஞர் பிம்பத்தையே மாற்றிக்காட்டின. மறு ஆண்டு விசு, ‘மணல் கயிறு’ படத்தில் கல்யாணத்துக்கு எட்டு நிபந்தனை போடும் மாப்பிள்ளையைப் பொய்களாலேயே மடக்கினார். பிழைப்புக்கான பொய், மானத்தின் பதைப்பு, மன்னிப்பின் சிரிப்பு என்ற அந்த அமைப்பு நாற்பது ஆண்டுகளில் குலையவே இல்லை. தயாரிப்பாளர்கள் மாறினார்கள், நடிகர்கள் மாறினார்கள். அமைப்பைக் காத்துவைத்தவர் டிக்கெட் வாங்கியவர்.

ஒரு தழுவலை மதிப்பிடும்போது மூலத்தோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுவதோடு நிறுத்திவிடக் கூடாது. எது மாறியது, யாருக்காக மாறியது, அந்த மாற்றத்தில் கிடைத்தது எது, போனது எது என்று நான்கு கேள்விகளையும் கேட்டாக வேண்டும். ‘அன்பே வா’வில் வீட்டுக்காரர் குடித்தனக்காரரானது கிடைத்தது, ஆணின் இரட்டை நீதியைக் கேட்ட பெண்ணின் குரல் போனது. இரண்டுமே அன்றைய ரசிகரின் கையெழுத்தைக் கொண்டவை. அந்த ரசிகரைப் பற்றி இன்னும் நேரடியாக அறிய வழி இருக்கிறது. தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய இதழ்களையும் பாட்டுப் புத்தகங்களையும் சேர்த்துப் பாதுகாத்து வருகிறது. அதேபோல நம் புறநகர்க் கொட்டகைகளின் நோட்டீசுகள், டிக்கெட்டுகள், வசூல் ஏடுகள், படம் பார்த்த தாத்தா பாட்டிகளின் வாய்மொழி நினைவுகள் ஆகியவையும் சேகரிக்கப்பட வேண்டும். பல்லாவரத்திலும் தாம்பரத்திலும் மறைமலை நகரிலும் உள்ள கல்லூரி மாணவர்கள் இதை ஓர் ஆய்வுப் பணியாக எடுத்துச் செய்யலாம். 1960களில் இளைஞராக இருந்தவர்கள் இன்று எண்பதை நெருங்குகிறார்கள் என்பதால் தள்ளிப்போடக் கூடாது. விமர்சகர்கள் எழுதியது நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. அந்தப் படங்களை வாழவைத்தவர்கள் சொல்வதையும் அதன் பக்கத்தில் வைத்தால்தான் தமிழ் சினிமாவின் வரலாறு முழுமை பெறும்.